பிஸ்டலில் எது இரண்டு பக்கமும் வேண்டும்: ஓர் இடது கைக்காரனின் அனுபவம்

கைத்துப்பாக்கி வாங்கப் போகும் இடது கைக்காரரிடம் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வது, "இது முழுக்க ஆம்பி, உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இருக்காது" என்பதுதான். அம்பிடெக்ஸ்ட்ரஸ் என்பதைத்தான் துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சில் எல்லோரும் அப்படிச் சுருக்கிச் சொல்வார்கள். எந்தக் கையில் பிடித்தாலும் எட்டும்படி பொத்தானும் லீவரும் அமைந்திருக்கும். டாலஸுக்கு வடக்கே குடியிருந்துகொண்டு சில வருடங்களாக இடது கையால் பிஸ்டல் சுட்டு வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்த உத்தரவாதத்தை மட்டும் வைத்து வாங்கிவிடாதீர்கள். தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி, தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றும் பொத்தான், பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி வைக்கும் ஸ்லைடு ஸ்டாப் என்று மூன்று தனித்தனி விஷயங்கள் அதற்குள் இருக்கின்றன, மூன்றுக்கும் பதில் வேறு வேறு. சேஃப்டி இரண்டு பக்கமும் இருந்தே ஆக வேண்டும். மேகசின் பொத்தான் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஸ்லைடு ஸ்டாப் சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் இருப்பதே நல்லது.

பிரச்சினை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். உலகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடது கைக்காரர். பிஸ்டல்களை வடிவமைத்தவர்கள் மனதில் வைத்திருந்தது மீதி ஒன்பது பேரை. ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்து, 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .45 பிஸ்டலில் சேஃப்டி, மேகசின் பொத்தான், ஸ்லைடு ஸ்டாப் மூன்றுமே இடப்பக்கம். வலது கையில் பிடித்தால் கட்டைவிரல் தானாகப் போய் நிற்கும் பக்கம் அது. அதையே இடது கைக்கு மாற்றினால் கட்டைவிரல் வலப்பக்கம் வந்துவிடும். அங்கே வெறும் இரும்புதான் இருக்கிறது.

பீச்சாங்கையால் எழுதாதே என்று அடி வாங்கி வளர்ந்தவர்களுக்கு, "கையை மாற்றிப் பழகிக்கொள்ளேன்" என்ற அறிவுரை புதிதில்லை. ரேஞ்சிலும் அதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். ட்ரிக்கரை ஆடாமல் அசையாமல் பின்னால் இழுப்பது விரலின் நுணுக்கமான வேலை. அதை எந்தக் கை நன்றாகச் செய்கிறதோ அந்தக் கையில்தான் பிஸ்டல் இருக்க வேண்டும். இடது கைக்காரர், ஆனால் குறி பார்க்கும்போது வலது கண்தான் முந்துகிறது என்றாலும் கவலை வேண்டாம். ரைஃபிள் மாதிரி தோளில் பதிக்கும் ஆயுதம் இல்லை இது. பிஸ்டலைக் கொஞ்சம் நகர்த்தி வலது கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தால் போதும்.

சேஃப்டி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்பேன். 1911 வகைப் பிஸ்டலைத் தயார் நிலையில் வைத்திருப்பது என்றால் குழலின் பின்முனையான சேம்பரில் தோட்டா இருக்கும், சுத்தியலான ஹேமர் பின்னால் இழுத்திருக்கும், சேஃப்டி மேலே, அதாவது சுடாத நிலையில் இருக்கும். இடுப்பு உறையான ஹோல்ஸ்டரிலிருந்து எடுத்து இலக்கை நோக்கி நீட்டும்போது கட்டைவிரல் அந்த லீவரைக் கீழே தள்ள வேண்டும். லீவர் இடப்பக்கம் மட்டும் இருந்தால் இடது கைக்காரருக்கு இரண்டு வழிதான். தாங்குகிற கையின் கட்டைவிரலைச் சுற்றிக் கொண்டுவந்து தட்டலாம். அல்லது ட்ரிக்கர் விரலையே பின்னால் மடக்கித் தட்டலாம். முதலாவதில் இரண்டு கையும் சேர்ந்த பிறகுதான் பிஸ்டல் சுடத் தயாராகும், ஒரு கையால் சுட வேண்டிய இடத்தில் மாட்டிக்கொள்வோம். இரண்டாவது ஆபத்து. சேஃப்டியைத் தட்டிவிட்டு அவசரமாகத் திரும்பும் விரல் எங்கே போய் நிற்கும் என்பதற்கு யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே சேஃப்டி லீவர் உள்ள பிஸ்டல் என்றால் அது இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் லீவரே இல்லாத பிஸ்டலுக்குப் போய்விடுங்கள். க்ளாக் மாதிரியான பிஸ்டல்களில் கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டியே கிடையாது, அதனால் இந்தக் கேள்வியும் அங்கே எழாது.

என்னிடம் இருக்கும் 1911 ஒரு பக்க சேஃப்டியோடு வந்தது. துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் ஒருவரிடம் கொடுத்து இருபக்க சேஃப்டி போட்டு வாங்கினேன். ஆர்மண்ட் ஸ்வென்சன் என்ற பெயர்பெற்ற கன்ஸ்மித் இந்த வகைப் பிஸ்டலுக்காக வடிவமைத்த இருபக்க சேஃப்டி அந்தக் காலத்திலேயே பிரபலம். இன்று பல கம்பெனிகள் இதைச் செய்கின்றன, விலையும் பெரிதாக இல்லை. ஆனால் பார்சலைப் பிரித்து நாமே மாட்டிக்கொள்ளும் சாமான் இல்லை இது. ஹேமரைப் பிடித்து வைத்திருக்கும் சியர் என்ற சின்னத் துண்டை, சேஃப்டியின் உட்புற முனைதான் அசையாமல் தடுக்கிறது. அந்த முனையை ஒவ்வொரு பிஸ்டலுக்கும் தனியாக அரம் போட்டுப் பொருத்த வேண்டும். ஒரு இழை கூடுதலாகத் தேய்த்துவிட்டால் சேஃப்டி மேலே இருந்தும் சியர் நகரும்.

கன்ஸ்மித் எனக்குக் காட்டிக்கொடுத்த பரிசோதனையை இன்றும் ஒவ்வொரு முறை துடைத்து முடித்ததும் செய்கிறேன். மேகசினை எடுத்துவிட்டு, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹேமரை இழுத்து சேஃப்டியை மேலே தள்ளி, பாதுகாப்பான திசையில் நீட்டி ட்ரிக்கரை நன்றாக அழுத்திவிட்டு விட வேண்டும். பிறகு சேஃப்டியைக் கீழே இறக்கினால் ஹேமர் விழக் கூடாது. அதோடு முடியவில்லை. அடுத்து பிஸ்டலைக் காதருகே கொண்டுவந்து, ட்ரிக்கரைத் தொடாமல் ஹேமரை மட்டும் மெல்ல இன்னும் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும். சத்தமே இருக்கக் கூடாது. 'டிக்' என்று மிக மெலிதாக ஒரு சத்தம் கேட்டால், சேஃப்டி போட்டிருந்தபோதே சியர் சற்று நகர்ந்திருக்கிறது, இப்போது பழைய இடத்துக்குத் திரும்புகிறது என்று பொருள். அப்படிப்பட்ட பிஸ்டலை அன்றைக்கே கன்ஸ்மித்திடம் கொண்டுபோய்விட வேண்டும்.

இடது கைக்காரர்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சிக்கலும் இதில் இருக்கிறது. 1911-இன் இருபக்க சேஃப்டி ஒரே துண்டு இல்லை. சியரைத் தடுக்கும் முனை இடப்பக்க லீவரோடு சேர்ந்தது. வலப்பக்க லீவர் தனித்துண்டு, நடுவில் நாக்கும் பள்ளமுமாக அதோடு பொருந்தி நிற்கிறது. வலது கைக்காரர் தள்ளும்போது விசை நேரடியாக இடப்பக்கத் துண்டில் விழுகிறது, இணைப்புக்கு வேலையே இல்லை. நாம் தள்ளும்போது மொத்த விசையும் அந்த மெல்லிய இணைப்பு வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். நாளடைவில் அந்த இடம் தேய்ந்து, வலப்பக்க லீவர் முதலில் கொஞ்சம் வெறுமனே ஆடிவிட்டுத்தான் இடப்பக்கத்தை நகர்த்தும். அந்த ஆட்டம் தெரிய ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள். வலது கைக்காரர் ஒருவர், "என் இருபக்க சேஃப்டி வாங்கின நாளிலிருந்து அப்படியே இருக்கிறது" என்று சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும். அவர் அந்த இணைப்பைப் பயன்படுத்தவே இல்லை.

இன்னொன்று, நமக்குத் தேவையில்லாத பக்கத்து லீவர். இடது கையால் பிடிக்கும்போது இடப்பக்க லீவர் ஆள்காட்டி விரலின் அடிமூட்டு மேல் வந்து உட்காரும். சேஃப்டியைக் கீழே தள்ளினால் அந்த லீவரும் சேர்ந்து இறங்கி மூட்டில் இடிக்கும், சிலருக்கு முழுசாக இறங்கவே விடாது. கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது இது தெரியாது. நூறு தோட்டா சுட்ட பிறகு தோல் சிவந்திருக்கும்போது தெரியும். என் பிஸ்டலில் கன்ஸ்மித் அந்தப் பக்கத்து லீவரைப் பாதி அகலத்துக்கு இழைத்துக் கொடுத்தார். அதன் பிறகு ஒரு தொல்லையும் இல்லை. வாங்கும்போதே ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம் என்று இருப்பவையும் கிடைக்கின்றன. ஆனால் அகலமான பக்கம் பெரும்பாலும் இடப்பக்கமாகத்தான் இருக்கும், கவனமாகப் பார்த்து வாங்குங்கள்.

வலது கைக்காரர்களுக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு. இடுப்பின் வலப்பக்கம் மாட்டினால் வலப்பக்க லீவர் உடம்பை விட்டு வெளியே பார்த்தபடி இருக்கும். கார் சீட் பெல்ட், கதவு நிலை, ஹோல்ஸ்டரின் விளிம்பு என்று எதிலாவது உரசி, தெரியாமலே கீழே இறங்கிவிடலாம். யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கச் சுடும் போட்டிச் சங்கத்தின் போட்டிகளில் சேம்பரில் தோட்டாவோடு 1911 வகைப் பிஸ்டலை சேஃப்டி போடாமல் ஹோல்ஸ்டரில் வைத்தால் அன்றைய போட்டியிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். விதி சரியானதுதான். ஆகவே வலது கையால் மட்டுமே சுடப்போகிற வலது கைக்காரருக்கு இருபக்க சேஃப்டியால் லாபம் இல்லை, கூடுதல் கவலைதான்.

லீவர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 1985-இல் அமெரிக்க ராணுவம் 1911-ஐக் கைவிட்டு எம்9 என்ற பெயரில் பெரெட்டா 92-ஐ எடுத்துக்கொண்டது. அதில் சேஃப்டி இரண்டு பக்கமும் உண்டு, இடது கை சிப்பாய்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அந்த லீவர், பிடியோடு சேர்ந்த அடிப்பாகமான சட்டத்தில் இல்லாமல், ஸ்லைடின் மேல் இருக்கிறது. ஸ்லைடை மேலிருந்து கையால் மூடிப் பிடித்து இழுத்தால் ஒரு பக்கம் கட்டைவிரலும் மறுபக்கம் மற்ற விரல்களும் லீவர்கள் மேலேயே படும், இழுக்கிற வேகத்தில் சேஃப்டி கீழே இறங்கி பிஸ்டல் சுடாத நிலைக்குப் போய்விட வாய்ப்பு உண்டு. அந்தப் பிஸ்டலை நன்கு அறிந்தவர்கள் பலரும் சொல்லும் குறை இது. எம்9-க்கு அடுத்து 2017-இல் தேர்வான சிக் சாவரின் எம்17-இல் சேஃப்டி இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆனால் சட்டத்தில், கட்டைவிரலுக்கு நேராக.

சரி, மேகசின் பொத்தானுக்கு வருவோம். இடது கைக்காரர்கள் அநியாயத்துக்குப் பயப்படும் இடம் இது. உண்மையில் இடப்பக்கம் இருக்கும் பொத்தான் நமக்கு வசதி. வலது கைக்காரர் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அளவான கை என்றால் பிடியையே கொஞ்சம் திருப்பினால்தான் அவருக்கு எட்டும். நமக்கோ ஆள்காட்டி விரல் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிடி ஒரு துளியும் அசையாமல் விரலை ட்ரிக்கரிலிருந்து எடுத்துப் பின்னால் கொண்டுபோய் அழுத்தினால் மேகசின் விழுந்துவிடும். இதில் இன்னொரு நன்மை, மேகசின் மாற்றும் நேரம் முழுக்க விரல் ட்ரிக்கர் வளையத்துக்கு வெளியே இருந்தே ஆக வேண்டும். பொத்தானை வலப்பக்கம் மாற்றி வைத்தும் சுட்டுப் பார்த்தேன், எனக்கு வேகம் குறைந்தது. திரும்ப இடப்பக்கமே வைத்துவிட்டேன்.

மாற்றித்தான் வைப்பேன் என்பவர்கள் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். பொத்தானை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாற்றிப் பொருத்தலாம் என்பது ஒரு வகை. ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் பொத்தான் இருப்பது வேறு வகை. விளம்பரத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறார்கள். க்ளாக்கில் 2010-இல் வந்த நான்காம் தலைமுறையிலிருந்து மாற்றிப் பொருத்தும் வசதி இருக்கிறது. ஆனால் அப்படி மாற்றினால் பழைய தலைமுறை மேகசின்கள் உதவாது. பொத்தானின் கொக்கி மாட்டுவதற்கான வெட்டு அவற்றில் ஒரு பக்கம்தான் இருக்கும். வீட்டில் பழைய மேகசின் குவியல் வைத்திருப்பவர்கள் இதை யோசித்துவிட்டு மாற்றுங்கள். ஒரே பிஸ்டலை இரண்டு பேர் பயன்படுத்துகிற வீடு என்றால் மாற்றவே மாற்றாதீர்கள். என் மனைவி வலது கைக்காரர். பொத்தான் வலப்பக்கம் போய்விட்டால் அவர் கட்டைவிரல் அதைத் தேடும். எனக்காவது இரண்டு பக்கமும் சமாளிக்க முடியும்.

இரண்டு பக்கமும் பொத்தான் இருக்கும் வகை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இறுக்கிப் பிடிக்கும்போது பயன்படுத்தாத பக்கத்துப் பொத்தானை உள்ளங்கையோ விரல் அடியோ அழுத்திவிட்டால் சுட்டுக்கொண்டிருக்கும்போதே மேகசின் நழுவும். அதைத் தவிர்க்க ஸ்பிரிங்கை விறைப்பாக வைத்தால் விரல் வலிக்கும். இதற்கெல்லாம் அழகான தீர்வு ஹெக்லர் அண்ட் கோக்கும் வால்தரும் கொடுத்த துடுப்பு லீவர். ட்ரிக்கர் வளையத்தின் பின்முனையில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், கீழ்நோக்கி அழுத்தினால் மேகசின் விழும். வால்தர் பி99-இலும் 2014-இல் வந்த ஹெக்லர் அண்ட் கோக் வி.பி.9-இலும் இதைப் பார்க்கலாம். எந்தக் கைக்கும் ஒரே மாதிரி, தற்செயலாக அழுத்துவதும் கஷ்டம். ஆனால் அமெரிக்கர்கள் பொத்தானுக்கே பழகியவர்கள். கடைசியில் வால்தரும் பி.பி.க்யூ. எம்2-இல் பொத்தானுக்கு மாறியது, வி.பி.9-க்கும் பொத்தான் வைத்த ஒரு வகை வந்தது. எனக்கு அதில் வருத்தம்தான்.

ஸ்லைடு ஸ்டாப்தான் நான் அதிகம் யோசித்த விஷயம். கடைசித் தோட்டா வெளியேறியதும் ஸ்லைடு பின்னாலேயே நின்றுவிட வேண்டும். துப்பாக்கி காலி, மேகசின் மாற்று என்று நமக்குச் சொல்வது அதுதான். இப்போது பரவலாகக் கற்றுத்தரும் பிடியில் இரண்டு கட்டைவிரலும் சட்டத்தின் ஒரே பக்கத்தில் முன்னோக்கி நீட்டி இருக்கும். வலது கைக்காரருக்கு அந்தப் பக்கம் இடப்பக்கம், ஸ்லைடு ஸ்டாப் இருக்கும் அதே பக்கம். விரல் லீவர் மேல் உட்கார்ந்தால் அது மேலே எழும்ப முடியாது, ஸ்லைடு நிற்காமல் மூடிக்கொள்ளும். ரேஞ்சுகளில் வலது கைக்காரர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. ஒரு பக்க லீவர் உள்ள பிஸ்டலைச் சுடும் இடது கைக்காரருக்கு இந்தத் தொல்லை கிடையாது. நம் கட்டைவிரல்கள் வலப்பக்கம் இருக்கின்றன, அங்கே தடுப்பதற்கு எதுவும் இல்லை.

இருபக்க ஸ்லைடு ஸ்டாப் வந்ததும் அந்தத் தொல்லை நமக்கும் வந்தது. க்ளாக்கில் 2017-இல் வந்த ஐந்தாம் தலைமுறை, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி, எஃப்.என். 509, சிக் பி320 எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் லீவர் உண்டு. என்னிடம் உள்ள இருபக்க லீவர் 9 எம்.எம். பிஸ்டலில் ஸ்லைடு சில மேகசின்களில் நின்றது, சிலவற்றில் நிற்காமல் மூடியது. மேகசின் ஸ்பிரிங் பழசாகிவிட்டதோ என்று புதிது வாங்கியும் பலனில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவிதான், "என்னங்க, உங்க கட்டைவிரல் அந்த லீவர் மேலயே உட்கார்ந்திருக்கு பாருங்க" என்றாள். சுடும்போது உதைப்பில் விரல் அரை விரற்கடை மேலே ஏறி லீவரை அழுத்திக்கொண்டிருந்தது. அப்புறம் வலது கட்டைவிரலைச் சட்டத்தை விட்டு லேசாக விலக்கிப் பழகினேன், சரியாகிவிட்டது. அதே பிஸ்டலை அவள் சுடும்போது அவள் கட்டைவிரல் கீழே தங்கிவிடுவதால் ஒரு முறைகூட அப்படி நடக்கவில்லை. ஒரே லீவர், ஒரே பிஸ்டல், கையின் அளவும் பிடியும்தான் வித்தியாசம்.

மேகசின் மாற்றியதும் ஸ்லைடை முன்னால் விடுவதற்கு லீவர்தான் வேண்டும் என்றும் இல்லை. தாங்கும் கையால் ஸ்லைடின் பின்பகுதியை மேலிருந்து பிடித்துப் பின்னால் இழுத்து விட்டால் போதும், இரண்டு கைக்கும் ஒரே பழக்கம், எல்லா மாடலுக்கும் பொருந்தும். வேகப் போட்டியில் கட்டைவிரல் லீவர் கொஞ்சம் நேரத்தை மிச்சப்படுத்தும், அவ்வளவுதான்.

வலது கைக்காரர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் ஒரு விஷயம். ஐ.டி.பி.ஏ., யு.எஸ்.பி.எஸ்.ஏ. போட்டிகளில் வலுவில்லாத கையால் மட்டும் சுட வேண்டிய சுற்றுகள் வரும். தற்காப்புக்காக வைத்திருப்பவர்களும் வலது கையில் அடிபட்டால் என்ன செய்வது என்று பழகுகிறார்கள். அப்போது இடது கைக்காரர் தினமும் படும் பாடு அவர்களுக்கும் வரும். சேஃப்டி உள்ள பிஸ்டல் என்றால் இடது கையால் மட்டும் எடுத்து, சேஃப்டியை இறக்கி, சுட்டுப் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்தக் கூடுதல் லீவருக்கு உங்கள் பிஸ்டலிலும் இடம் இருக்கிறது.

ரிவால்வர் பற்றி நிறைய சொல்ல வேண்டியதில்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கோல்ட், ரூகர் எல்லாவற்றிலும் சிலிண்டர் இடப்பக்கம் திறக்கும், தாழ்ப்பாளும் அந்தப் பக்கம். சார்ட்டர் ஆர்ம்ஸ் மட்டும் சவுத்பா என்ற பெயரில் வலப்பக்கம் திறக்கும் ரிவால்வர் செய்தது. பிஸ்டலிலும் முழுக்கக் கண்ணாடி பிம்பமாக, காலித் தோட்டாகூட இடப்பக்கம் விழும்படி 1911 செய்தவர்கள் உண்டு, 1980-களில் ராண்டல், பிற்காலத்தில் கேபட். அழகான பொருட்கள், ஆனால் உதிரி பாகம் தேடி அலைய வேண்டும். காலித் தோட்டா வலப்பக்கம் விழுவது பிஸ்டலில் எனக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. கண்ணாடி போடுங்கள், கழுத்து மூடிய சட்டை போடுங்கள், போதும்.

இங்கே புதிதாக வந்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இந்தக் கணக்கில்தான் வரும். நண்பர் கூப்பிட்டார் என்று போய்விடாதீர்கள், முதலில் வக்கீலிடம் கேளுங்கள். கிரீன் கார்டு வந்த பிறகு இந்தத் தடை இல்லை.

கடையில் வாங்குவதற்கு முன், காலி என்று உறுதி செய்துகொண்டு, கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, நீங்கள் சுடும்போது பிடிக்கும் அதே பிடியில் பிடித்துப் பாருங்கள். சேஃப்டி இருந்தால் கட்டைவிரலால் மேலும் கீழும் தள்ளுங்கள், மறுபக்க லீவர் விரல் மூட்டில் இடிக்கிறதா என்று பாருங்கள். காலி மேகசினைப் போட்டு ஸ்லைடை முழுசாகப் பின்னால் இழுங்கள், உங்கள் கட்டைவிரல் இருக்கிற இடத்தில் அது நிற்கிறதா என்று பாருங்கள். பொத்தானை ஆள்காட்டி விரலால் அழுத்திப் பாருங்கள். முடிந்தால் அதே மாடலை வாடகைக்கு எடுத்து ஒரு பெட்டி தோட்டா சுட்டுவிட்டு வாங்குங்கள். அந்த மாடலுக்கு இடது கை ஹோல்ஸ்டர் கிடைக்கிறதா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். கடையில் தொங்குவது அநேகமாக எல்லாம் வலது கைக்குத்தான், நமக்கானது ஆர்டர் கொடுத்து வரவழைக்க வாரக்கணக்கில் ஆகலாம்.